மருத்துவச்சி வீட்டை வேண்டாமென்றவர்

பிரஞ்சுக் கொடி இறங்கின மறு வருஷம், ஆடி மாதம். அந்த மாதத்தில் ஒரு வேளையாவது நான் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டதாக நினைவில்லை. இலையில் சோறு விழுந்ததும் எதற்கோ எழுந்து வாசலுக்குப் போவேன். வாசலில் ஒன்றும் இருக்காது. திரும்பி வருவேன்.

"ஏங்க, யாராச்சும் கூப்பிட்டாங்களா?" என்பாள் என் சம்சாரம்.

யாரும் கூப்பிடவில்லை.

அவளுக்கு நிறைமாசம். அதற்கு முன் ஒரு பிள்ளை எங்களுக்குத் தங்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அவ்வப்போது வந்து போகிற சர்க்கார் மருத்துவச்சியம்மா இந்தத் தடவை அவளைப் பார்த்துவிட்டு, "இவங்களை வண்டியில ஏத்திக் குலுக்கிடாதீங்க. வலி எடுத்தா ஆள் அனுப்புங்க, நானே வர்றேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிப் போயிருந்தார். எங்கள் ஊர் வரிச்சிக்குடியைத் தாண்டி வயல்களுக்கு உள்ளே இருக்கிறது. அந்தப் பாதையில் குலுங்காமல் போகிற வண்டியை இன்னும் யாரும் செய்யவில்லை. ஆகவே அவளைக் காரைக்காலுக்குக் கொண்டுபோகும் பேச்சே இல்லை. மருத்துவச்சிதான் வரவேண்டும்.

அவர் வருவதில்தான் சங்கடம். எங்கள் மாரியம்மனுக்கு ஆடியில் காப்புக் கட்டுவோம். ஊரில் முதல் மரியாதை உள்ளவர் கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், அதை அவிழ்க்கிற வரைக்கும் பிள்ளைப்பேறு பார்த்த கை வெளியிலிருந்து ஊர் எல்லைக்குள் வரக்கூடாது. அப்படி ஒரு கட்டு.

முதல் பிள்ளையின்போது அதுதான் நடந்தது. மருத்துவச்சி எல்லை மதகு வரைக்கும் வந்திருக்கிறார். காப்புக் கட்டியாயிற்று என்று அங்கேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான் வீட்டுக்குள் அவள் தலைமாட்டில் இருந்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. அம்மன் பிள்ளை, அவளே அழைத்துக்கொண்டாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வேறு மாதிரி தேற்றிக்கொள்ள எனக்குத் தெரியாது.

இந்த வருஷமும் அதே ஆடி. வருகிற செவ்வாய்க்கிழமை காப்பு. அதோடு கூட ஓட்டும் வந்து சேர்ந்தது. பிரஞ்சுக்காரன் போன பிறகு எங்களுக்கு வந்த முதல் ஓட்டு.

கட்சிக்காரர்கள் தப்பு மேளத்தோடு வந்து போனார்கள். பிறகு ஒருநாள் ஒருவர் தனியாகக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். சுயேச்சை. சைகோனில் பிரஞ்சு கஜானாவில் வேலை பார்த்துத் திரும்பி, டவுனில் வீடு கட்டிக்கொண்டவர். எங்கள் பக்கத்து ஊர்களைச் சேர்த்து கொம்யூன் என்று ஒரு சபை உண்டு. அதில் பழைய ஆட்சியிலேயே மெம்பராக இருந்தவர். கோயில் வாசலில் நின்று இருமிக்கொண்டே பேசினார்.

"நான் அதிகம் சொல்ல மாட்டேன். வைத்தியம் ஒண்ணுதான் என் பேச்சு. சாலையோரமா மருத்துவச்சிக்கு ஒரு வீடு. மருந்துக்கு யாருகிட்டயும் காசு வாங்கக் கூடாது. இது ரெண்டும் நடக்கலைன்னா அடுத்த தரம் என்னை இந்தத் தெருவுல விடாதீங்க."

"இந்தத் தரமே யாரு விட்டா? குடைக்கு மரியாதை குடுத்து விட்டுருக்கோம்" என்று கூட்டத்தில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் என் அண்ணன் தொண்டையைச் செருமினார். எங்கள் தெருவுக்கு நாட்டாண்மை அவர்தான். முதல் மரியாதையும், காப்புக் கட்டிக்கொள்ளும் கையும் அவருடையது. தெரு ஓட்டு மொத்தமும் அவர் வாயைப் பார்த்துத்தான் விழும்.

"இவனா மருத்துவச்சியைக் கொண்டாரப் போறான்? கோயிலுக்கு எதிர்த்தாப்ல இருக்கற நம்ம வீட்டை, வாடகையில்லாம மருத்துவச்சிக்கு விடறேன்னு நான் கொம்யூனுக்கு எழுதிக் குடுத்தேனா இல்லையா? சபையில எழுந்து வேண்டாம்னவன் இவன்தான். அதோட நின்னுபோச்சு. இப்ப வந்து சாலையோரங்கறான்."

தெரு முழுக்க 'ஆமாமா' என்றது. அண்ணன் அந்த வீட்டை மனசாரத்தான் கொடுத்தார். என் பிள்ளை போன துக்கத்தில் கொடுத்தார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்காமலே கேட்டாள்:

"அவரு மருத்துவச்சி வேண்டாம்னாரா? இல்லாட்டி அந்த வீடு வேண்டாம்னாரா?"

நானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படிங்க ஒண்ணாகும்? மூத்தாரு கேட்டதை மட்டும் சொல்றாரு. அவரு அங்க நின்னு பாத்தாரா? நீங்க போய்க் கேட்டுட்டு வாங்களேன். இங்க இருந்தாலும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கத்தான் போறீங்க."

மறுநாள் சைக்கிளை எடுத்தேன். காரைக்காலில் மேரி என்று நாங்கள் சொல்லும் நகரசபைக் கட்டடத்தில்தான் எங்கள் கொம்யூன் சபையின் பழைய நடவடிக்கைப் புத்தகங்களும் அப்போது வைக்கப்பட்டிருந்தன. சபையில் யார் என்ன பேசினார்கள், யார் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் எழுதி வைக்கவேண்டும், குடிமக்களில் யார் வந்து கேட்டாலும் காட்டவேண்டும் என்பது பழைய ஆட்சியின் சட்டம். காட்டுவார்கள் என்று தெரியுமே தவிர, எங்கள் ஊரில் ஒருவரும் போய்க் கேட்டதில்லை.

குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொறப்பா, எறப்பா?"

"ரெண்டும் இல்லீங்க. சபையில பேசினதைப் பாக்கணும்."

"எதுக்கு?"

"ஓட்டுப் போடறதுக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஓட்டுப் போடறதுக்குப் புத்தகம் பாக்க வந்த ஆளை இப்பத்தான்யா பாக்கறேன். அவனவன் வேட்டி வாங்கிக்கிட்டுப் போடறான்."

"புதுச் சர்க்கார்ல காட்ட மாட்டீங்களா?"

"கொடிதான் மாறிச்சு. பூட்டும் சாவியும் அதேதான். உக்காருங்க."

எடுத்து வந்து விரித்தார். முழுக்கப் பிரஞ்சு. சாய்ந்த எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. நான் தமிழே கூட்டிக்கூட்டிப் படித்தவன். குமாஸ்தா விரலை ஓட்டிப் பார்த்து, "உங்க ஊரு மருத்துவச்சி வீட்டு விஷயம் இதோ இருக்கு. வேண்டாம்னவரு ஒரே ஒருத்தர். நீங்க சொன்ன மனுஷன்தான்" என்றார். அதற்குள் யாரோ கல்யாணப் பதிவுக்கு வந்துவிட்டார்கள். "முழுசும் படிச்சுச் சொல்ல எனக்கு நேரமில்லை. பிரஞ்சு தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வாங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் காற்று எதிரே அடித்தது. அண்ணன் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் சம்சாரம் கேட்ட கேள்வி சைக்கிள் சங்கிலியில் மாட்டின வேட்டி மாதிரி என்னை இழுத்துக்கொண்டே இருந்தது. நடுவழியில் இறங்கி, காரணமில்லாமல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஊருக்குள் நுழையும்போதே அண்ணன் எதிரே வந்தார். யாரோ அவரிடம் முந்திக்கொண்டு சொல்லியிருந்தார்கள்.

"மேரிக்குப் போனியாமே? என்ன போட்டிருக்கு?"

"அவரு வேண்டாம்னதா இருக்கு அண்ணே."

"நான் சொன்னேன்ல? என் வார்த்தைக்குப் புத்தகம் வேற பாக்கணுமா உனக்கு?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "எப்படியிருக்கா?"

"இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா."

"செவ்வாய்க்கெழமை வரைக்கும் தாங்கட்டும்டா. காப்பு ஏறிட்டா எனக்குத் தீட்டு ஒட்டாது. அதுக்கு முன்னால பொறந்தா பங்காளி வீடு அத்தனைக்கும் தீட்டு. என் கையில காப்பு ஏறாது. நம்ம அப்பன், பாட்டன் யாரு காலத்துலயும் இது கைமாறினதில்லை."

அவருக்குக் காப்பு ஏறின பிறகு பிறக்கவேண்டும். எனக்கோ, காப்பு ஏறினால் மருத்துவச்சி மதகைத் தாண்ட முடியாது. ஒரே அம்மனிடம் இரண்டு பேரும் எதிரெதிராக வேண்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் மறுபடியும் டவுன். கடைத்தெருவில் எனக்குப் பழக்கமான துணிக்கடை பாய் ஒருவர் இருந்தார். இளவயதில் சைகோனில் துணி வியாபாரம் பார்த்தவர், பிரஞ்சு தண்ணீர்பட்ட பாடு. விஷயத்தைச் சொன்னதும் கடையைத் தன் மச்சானிடம் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"வாங்க தம்பி. சைகோன்ல வெள்ளைக்காரிக்குப் பட்டுக்கு விலை சொல்லிச் சொல்லிப் படிச்ச பிரஞ்சு. மருத்துவச்சிக்கு உதவுதான்னு பாப்போம்."

மேரியில் பெஞ்சியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். முதலில் தனக்குள் படித்துச் சிரித்தார். "உங்க அண்ணாத்தையைப் பத்தி நல்லா எழுதிருக்கான். பெரிய மனசு, வாடகை வேண்டாங்கறார், சபை நன்றி சொல்லுது… சரி. இப்ப உங்க குடைக்காரர் எழுந்திரிக்கறார்." விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"'வீடு நல்ல வீடு. கோயிலுக்கு எதிரில் இருக்கிறது. அதனால் வேண்டாம் என்கிறேன்.' அப்படிங்கறார். 'அந்த ஊரில் அம்மனுக்குக் கயிறு கட்டினால் பிரசவம் பார்த்தவள் எல்லைக்குள் வரக்கூடாது. அப்படியானால் வருஷத்தில் அந்த நாட்களில் மருத்துவச்சி வீட்டைப் பூட்டவேண்டும். பிள்ளைகள் காத்திருக்குமா? போன வருஷம் நம் மருத்துவச்சி எல்லை வரைக்கும் போய்…'"

பாய் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படிங்க பாய்."

"'…எல்லை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். உள்ளே ஒரு குழந்தை இறந்தது. அந்தத் தகப்பன் யாரென்று எனக்குத் தெரியாது. வீட்டை எல்லைக்கு வெளியே, சாலையோரம் வையுங்கள். நான்கு ஊருக்கும் பொதுவாக இருக்கும். யாரும் யாரையும் தடுக்கவேண்டியிருக்காது.'" கண்ணாடியைப் போடாமலே என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, அது…?"

நான் தலையசைத்தேன். "இன்னா லில்லாஹி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு என் முழங்கால் மேல் கையை வைத்தார்.

என் பிள்ளைக்கு நாங்கள் பேர்கூட வைக்கவில்லை. ஊரில் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. அது அந்தப் பாஷையில், சர்க்கார் புத்தகத்தில், இத்தனை நாள் பூட்டி இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். கோபம் வந்ததா, ஆறுதல் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

பாய் மேலே படித்தார். "சாலையோரம் சர்க்கார் இடம் இல்லைங்கறார் மேர், அதான் சபைத் தலைவர். அப்புறம் ஓட்டு. இவர் ஒருத்தர் வேண்டாங்கறார், மத்தவங்க அத்தனை பேரும் வேணுங்கறாங்க. தீர்மானம் நிறைவேறிடுச்சு."

"ஒருத்தர் வேண்டாம்னா எப்படி பாய் நிறைவேறும்?"

பாய் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு பெஞ்சியைத் தட்டிச் சிரித்தார். "அட ராசா! கொம்யூன் என்ன உங்க ஊர்க்கூட்டமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒரு தலைக்கட்டு, அதாவது ஒரு குடும்பத்தலைவன், 'எனக்குச் சம்மதமில்லை' என்று சொல்லிவிட்டால் காரியம் அங்கேயே நின்றுபோகும். எல்லோரும் தலையாட்டினால்தான் காப்பும் கட்டலாம், தேரும் இழுக்கலாம். சபை என்றாலே அப்படித்தான் என்று நாங்கள் பிறந்ததிலிருந்து நினைத்தோம். 'ஒருவர் வேண்டாமென்றார்' என்று யாரோ அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள். வீடு வரவில்லை. அவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

"அப்ப ஏன் நின்னுது?"

பாய் பக்கங்களைத் தள்ளினார். குமாஸ்தாவும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பல பக்கம் தள்ளி ஒற்றை வரி இருந்தது. மேலிடத்திலிருந்து பதில்: தனி மருத்துவச்சி நியமிக்க இப்போது வழியில்லை. அவ்வளவுதான். அந்த வரியில் யார் பேரும் இல்லை.

அதற்கு இரண்டு பக்கம் முன்னால் பாயின் விரல் இன்னொரு இடத்தில் நின்றது. நிலம் உள்ளவர்களிடம் மருந்துக்குக் காசு வாங்கலாம் என்று ஒரு யோசனை. அதற்கு 'சரி' என்றவர்களில் நம் குடைக்காரரும் இருந்தார்.

"இப்ப எல்லாருக்கும் இனாம்னு சொன்னாருன்னீங்களே?" என்றார் பாய். "இதையும் கேட்டுடுங்க. பாதியைக் கேட்டுட்டுப் பாதியை விட்டா, அண்ணாத்தை பண்ணின மாதிரிதான் ஆகும்."

அங்கிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். சட்டையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"மருத்துவச்சி வீடு சாலையோரம்னு இப்பவும் சொல்றீங்களா, ஓட்டுக்காகச் சொல்றீங்களா?"

"அப்பவும் சொன்னேன். அதுல எனக்கு ஓட்டு ஒண்ணும் வரலை. அந்த ஊரு ஓட்டும் வராதுன்னு தெரியும்."

"அம்மன் கட்டுக்கு விரோதமா பேசறீங்கன்னு சொல்றாங்க."

"விரோதமா இருந்தா கட்டை அவிழுங்கன்னு சொல்லியிருப்பேனே. எல்லைக்கு வெளியில வைங்கன்னுதானே சொன்னேன்?" என்று சொல்லிவிட்டு, "நீங்க யாரு? இதை எங்க கேட்டீங்க?" என்றார்.

"புத்தகத்துல. அதுல யாருன்னு தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்களே, அந்தத் தகப்பன் நான்தான்."

அவர் எழுந்துவிட்டார். உள்ளே திரும்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு, "உங்களைக் கேக்காம அதை நான் சபையில சொல்லியிருக்கக் கூடாது. இந்த ஓட்டுல எந்த இடத்துலயும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன்" என்றார்.

மருந்துக் காசு விஷயத்தையும் கேட்டேன். அதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "அப்ப நிலைமை வேற" என்றார். "இப்ப நிலம் உள்ளவங்ககிட்ட ஓட்டு கேக்கறீங்க, அதனாலயா?" என்றேன். லேசாகச் சிரித்துக் குடையை எடுத்து வேறு பக்கம் வைத்தார். ஒரு விஷயத்தில் தெளிந்தேன், ஒரு விஷயத்தில் தெளியவில்லை. என் ஓட்டை அவருக்குத்தான் போட்டேன். அவர் தோற்றுப்போனார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு என் மனசில் ஓட்டு இல்லை.

சாலையோர வீடு என்றைக்கோ வரட்டும். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான்.

திங்கள்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம். மறுநாள் காப்புக்குச் சம்மதம் கேட்கிற கூட்டம். எல்லா வருஷமும் பேருக்குக் கேட்பது, பேருக்குத் தலையாட்டுவது. கற்பூரம் ஏற்றி, பூசாரி, "எல்லாத் தலைக்கட்டுக்கும் சம்மதந்தானே?" என்றார்.

நான் எழுந்தேன். "எனக்குச் சம்மதமில்லை" என்றேன்.

முதலில் ஒருவருக்கும் காதில் ஏறவில்லை. பூசாரி கற்பூரத்தைப் பிடித்தபடி, "என்ன தம்பி?" என்றார்.

"மருத்துவச்சி வர்றதுக்குத் தடையில்லைன்னு ஊரு சொல்லட்டும். சொன்னா சம்மதம். இல்லைன்னா என் தலைக்கட்டுக்குச் சம்மதமில்லை."

"டேய்!" என்றார் அண்ணன். "அம்மன் காரியத்துலயா வந்து விளையாடறே? காரைக்கால்ல போயி குடைக்காரன்கிட்ட மந்திரம் ஓதிக்கிட்டு வந்துட்டியா?"

"அவரு ஒண்ணும் ஓதலை அண்ணே. நம்ம வீட்டை அவரு நிறுத்தலை. அங்க ஒருத்தர் வேண்டாம்னா நிக்காது. இங்கதான் நிக்கும்."

"அதனால இங்க நிறுத்தறியாக்கும்?"

"ஆமா."

மண்டபத்தில் சலசலப்பு. ஒருவர், "பொண்டாட்டிக்காக அம்மனையே காக்க வைக்கறான்யா" என்றார். இன்னொருவர், "உன் பொண்டாட்டியா இருந்தா நீ தேரையே நிறுத்தியிருப்பே, உக்காரு" என்று அவரை அடக்கினார். அண்ணன் கையை உயர்த்தினார்.

"பூப்போட்டுக் கேப்போம். செவப்பும் வெள்ளையுமாப் பூப்பொட்டலம் போட்டு அவளையே கேட்டுடுவோம். வெள்ளை வந்தா மருத்துவச்சி வரட்டும்."

எல்லோரும் சரி என்றார்கள். அம்மன் சொல்லிவிட்டால் அதற்குமேல் நான் பேச மாட்டேன். பேச முடியாது. சிவப்பு வந்தால் என் வீட்டு வாசலை நானே அடைத்த மாதிரி ஆகிவிடும். சந்நிதியைப் பார்த்தேன். உள்ளே தூங்காவிளக்கு. அவளிடம் சண்டைக்கு நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் அவளிடம்தான் நிற்கிறேன், வேறு யாரிடம் நிற்பது?

"வேண்டாம்" என்றேன். "அவ போட்ட கட்டா இருந்தா அவளைக் கேக்கலாம். இது நாம போட்டது. நாம போட்டதை அவ தலையில ஏத்த வேண்டாம்."

பூசாரி கற்பூரத்தைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "அவன் சொல்றதுல ஒண்ணு இருக்கு. முன்னெல்லாம் பிள்ளைப்பேறு பாக்கறவ ஊருக்குள்ளயே இருந்தா. காப்பு நாள்லயும் பாத்தா. அப்ப யாரு தடுத்தா? அவ செத்த பிறகுதான் வெளியாளு, எல்லைன்னு பேச்சு வந்துது. என் வரைக்கும் நான் இதைச் சொல்லிட்டேன். ஊரு பேசிக்கங்க."

ஊர் பேசிற்று, முடிவுக்கு வரவில்லை. அண்ணன் பக்கம் பாதி, பேசாமல் இருந்தவர்கள் பாதி. ஒரு தலைக்கட்டு மறுத்த பிறகு காப்பு ஏற முடியாது. அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிவைத்துக் கலைந்தார்கள். போகும்போது அண்ணன் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். தோள் துண்டு என்மேல் படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தேன். தெருவே அவளிடம் முந்திக்கொண்டு சொல்லியிருந்தது. "நான் கேட்டுட்டு வாங்கன்னுதான் சொன்னேன். ஊரையே நிறுத்தச் சொன்னேனா?" என்றாள். பயந்துதான் சொன்னாள். ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு வந்த நாட்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. கிணற்றடிக்குப் போவேன், வருவேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டதையே மறந்து மறுபடி போடுவேன். அடுத்த செவ்வாய்க்குள் பிறக்கவேண்டும் தாயே என்று வேண்டுவேன். வேண்டிய உடனே அண்ணன் முகம் வந்து நிற்கும். அவர் முறை போகட்டும் என்று வேண்டுகிறோமே என்று உறுத்தும். இரண்டையும் சேர்த்து வேண்ட ஒரு வழியும் தெரியவில்லை.

சனிக்கிழமை விடியலில் வலி எடுத்தது. பக்கத்து வீட்டு ஆள் சைக்கிளில் ஓடினான். மருத்துவச்சியம்மா வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மதகில் யாரும் நிற்கவில்லை. நிறுத்துவதற்குக் காப்பு இல்லை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே பாத்திரச் சத்தம், தண்ணீர்ச் சத்தம், அவள் குரல், மருத்துவச்சியின் அதட்டல். நடுவில் மருத்துவச்சியம்மா தலையை மட்டும் நீட்டி, "கழுத்துல கொடி சுத்தியிருக்கு. அங்க இங்க நடக்காம ஒரு இடத்துல நில்லுங்க, எனக்கு உங்க காலடிச் சத்தம் தாங்கலை" என்று சொல்லிவிட்டு மறைந்தார். நின்றேன். அந்த மாதத்தில் நான் அசையாமல் நின்றது அப்போது மட்டும்தான்.

உச்சிப்பொழுது தாண்டி அழுகுரல் கேட்டது. பெண் குழந்தை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். பங்காளித் தீட்டு என்பதால் அண்ணன் கைக்கு ஏறவில்லை. கீழத்தெருக்காரர் ஒருவர் கையில் ஏறிற்று. மருத்துவச்சி விஷயத்தில், அந்த வருஷம் மட்டும் தடையில்லை என்று முனகலாக ஒரு முடிவு சொன்னார்களாம். அடுத்த வருஷம் மறுபடி பேசலாமாம். எனக்கும் தீட்டு, கோயிலுக்குப் போக முடியாது. கூடத்தில் உட்கார்ந்து மேளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாசலில் நிழல் தட்டியது. அண்ணன். உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். அவர் வெறும் கையைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

"என்ன பாக்கறே?" என்றார். "கோயிலுக்குப் போக முடியாது. தெருவுல நின்னா அவன் கையில காப்பு ஏறினதைப் பாக்கணும். தீட்டு இருக்கறவன் தீட்டு வீட்டுக்குத்தான் வரணும். வேற எங்க போறது?"

மேளம் வேகம் எடுத்தது. அவர் விரல்கள் தாமாக முழங்காலில் தாளம் போட்டன. பிறகு நிறுத்திக்கொண்டார். உள்ளே குழந்தை சிணுங்கிற்று.

"யாரு மாதிரி இருக்கு?"

"தெரியலை அண்ணே. இன்னும் முகம் தெளியலை."

"நீ பாத்தா எது தெளிஞ்சுது?" என்றார். உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏம்மா, கொழந்தையை யாருகிட்டயாச்சும் குடுத்து இப்படி அனுப்பு. நானும் சும்மாதான் உக்காந்திருக்கேன்."